பத்தரை மணிக் கையெழுத்து

எங்கள் தெருவில் இன்றும் பலர் அந்த மறியல் வெள்ளிக்கிழமை நடந்தது என்கிறார்கள். வெள்ளி இல்லை, வியாழன். அன்று காலை குடிநீர் லாரி வந்திருந்தது. பெண்கள் குடங்களை வரிசையில் அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தெருவுக்கு லாரி கிடையாது. மிக்ஜாம் புயல் வந்துபோன அடுத்த வருடம், ஆடி மாதம். கிழமையைத் தப்பாகச் சொல்கிறவர்கள் மற்றதையும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். "அவனைத் தொரத்தி வுட்டோம்" என்கிறார்கள். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் ஹைரோட்டை ஒட்டி எங்கள் போலீஸ் ஸ்டேஷன். அதன் கேட்டுக்கு நேர் எதிரே நடைபாதையில் அப்போது ஒரு தள்ளுவண்டி இட்லிக்கடை இருந்தது. விடிவதற்குள் வந்து நிற்கும். பதினொரு மணி வாக்கில் பாத்திரம் கழுவிப் புறப்படும். குடோன்களில் மூட்டை தூக்குகிறவர்கள், துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்துக் காத்திருக்கும் டிரெய்லர் டிரைவர்கள், டூட்டி மாறும் போலீஸ்காரர்கள் எல்லாருக்கும் அங்கேதான் நாஸ்தா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் அங்கேதான். கடை நடத்திய பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போனவன். என் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. இங்கே அவளை அக்காக்காரி என்றே சொல்கிறேன். செத்துப்போனவள் அவளுடைய தங்கை.

தங்கை இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் டிரெய்லர் ஓட்டுகிறவன். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவனே அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், கழுத்தில் விரல் பதிந்த தடம் இருப்பதாக எழுதினார். அவனைப் பிடித்துப் புழல் சிறைக்கு அனுப்பினார்கள்.

சம்பவம் நடந்தபோது வீட்டில் இருந்தது அவர்களுடைய மகள் மட்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. தான் பார்த்ததை முதலில் பெரியம்மாவிடம் சொன்னது, பிறகு மகளிர் போலீஸிடம், பிறகு கதவு சாத்திய அறையில் மாஜிஸ்திரேட்டிடம். என்ன சொன்னது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. வழக்கு முடியவில்லை. அவன் குற்றம் சாட்டப்பட்டவன்; அதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் குழந்தையை விட்டால் வழக்கில் நேரில் பார்த்த வேறு சாட்சி இல்லை என்பது எங்கள் தெருவில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். குழந்தை அக்காக்காரி வீட்டிலேயே வளர்ந்தது. கோர்ட்டில் அது போய் நின்று சொல்லி முடிக்கும் வரை அதை யாரும் தொட்டுவிடக் கூடாது. அந்த ஒரு வேலைதான் அவளுக்கு. இட்லி விற்றதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை என்று குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யாமல் வைத்திருந்தார்கள். சட்டம் கொடுத்திருக்கும் தொண்ணூறு நாள் கெடு தாண்டியது. கெடு தாண்டினால் ஜாமீன் கேட்பது கைதியின் உரிமை. கேட்டான், கிடைத்தது. நிபந்தனைகள்: தினமும் காலை பத்தரை மணிக்குச் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது, சாட்சிகளை அணுகக் கூடாது. ஒவ்வொரு ஜாமீன் உத்தரவிலும் வருகிற வாசகங்கள்தான் இவை. எழுதியவர் எங்கள் ரோட்டைப் பார்த்தவர் இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய கேட்டுக்கும் சாட்சியின் பெரியம்மா இட்லி ஊற்றுகிற வண்டிக்கும் நடுவே ஒரு லாரி போகிற அகலம்தான் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

ஜாமீன் தண்டனையைக் குறைப்பது இல்லை, ஆளை விசாரணைக்கு வரவைக்கிற ஏற்பாடு என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். அது சரி என்றே நம்புகிறேன். ஒரு முறை ஆட்டோ ஸ்டாண்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டாண்டில் எல்லாருக்கும் முன்னால் நிற்கிற ஆட்டோக்காரர் ஒருவர், எதற்கும் அவர்தான் முதலில் குரல் கொடுப்பார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், புஸ்தகத்துல எல்லாம் கரீட்டாத்தான் கீது. நம்ம ரோட்டுக்கு வந்தாத்தான் பேஜாராப் பூடுது."

அவன் முதல் நாள் வந்தது ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அத்திப்பட்டில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தான். அங்கிருந்து மின்சார ரயிலில் வந்து, ரயில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ பிடிப்பான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. யாரையும் பார்க்காமல் உள்ளே போனான். வெளியே வந்து சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். ரோடு முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஸ்கூல் பசங்கோ மாரி அட்டனன்ஸ் போட்டுட்டுப் போறான்பா," என்றார் ஆட்டோக்காரர்.

"அதுங்களாவது ஹோம் ஒர்க் எய்துதுங்கோ," என்றார் மூட்டை தூக்குகிற ஒருவர்.

அக்காக்காரியின் கையில் இருந்த கரண்டி சட்னிப் பாத்திரத்தின் விளிம்பில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. அன்று எனக்கு சாம்பார் ஊற்ற மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவன் கொஞ்சம் தைரியம் பெற்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து நேரே வண்டிக்கு வந்தான். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எங்கள் ஸ்டேஷன் ஏட்டு. ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர், நல்ல மனிதர், அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கை.

"யக்கா, ரெண்டு இட்லி," என்றான். பழைய உறவு மாறாத குரல்.

அவள் இட்லிப் பானையை மூடினாள். மூடியின் ஓரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"தீந்து போச்சு."

"தோ, ஆவி வர்து."

"தீந்து போச்சுன்னு சொன்னேன்."

ஏட்டு தன் காலித் தட்டை நீட்டி, பேச்சை மாற்றுகிற மாதிரி, "இன்னாக்கா, எனக்குமா தீந்து போச்சு?" என்றார்.

"உங்களுக்குந்தான். நீங்கதானே கேட்டத் தொறந்து வுட்டீங்க."

ஏட்டு தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அவன் போகும்போது, "பாப்பா நல்லாப் படிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். இது சாட்சியை அணுகுவதில் சேருமா என்று மறுநாள் ஏட்டிடம் கேட்டேன். "அவன் இட்லி கேட்டான் சார். இட்லி கேக்கறது குத்தமா? இதுக்கு ரிப்போர்ட் எழுதுனா என்னைத்தான் சிரிப்பாங்க," என்றார்.

வண்டியை மார்க்கெட் பக்கம் மாற்றிக்கொள்ளலாமே என்று ஒரு செவ்வாய்க்கிழமை அக்காக்காரியிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரிந்தது.

"மொதல்ல நானும் அத்தான் சார் நெனச்சேன். அவன் மூஞ்சப் பாத்தா அன்னிக்கு முச்சூடும் சோறு எறங்கல. அப்பால யோசிச்சேன். பத்தரைக்கு அவன் எம் முன்னால நின்னா, ஸ்கூல் வாசல்ல இல்லன்னு அர்த்தம். ராவெல்லாம் எங்க போனாலும் காலைல இங்க வந்தாவணும். இங்க வரணும்னா தூரமாப் போவ முடியாது, வண்டி ஓட்ட முடியாது, ஆந்திராப் பக்கம் ஓடிப்போவ முடியாது. அவன் கண்ணுல பட்டுகினே இருந்தாத்தான் சார் எனக்கு பாப்பாவப் பத்தி பயம் இல்ல. எரியுதுதான். எரிஞ்சிட்டுப் போவட்டும்."

படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் ஒரு வாரத்தில் கண்டுகொண்டாள். அந்தக் கையெழுத்து அவன் காலில் கட்டிய கயிறு. ஒரு முனை ஸ்டேஷனில், இன்னொரு முனையைத் தன் கையில் பிடித்திருப்பதாக அவள் நினைத்தாள். அதற்குப் பிறகு பத்தே கால் ஆனால் அவள் ரோட்டைப் பார்க்க ஆரம்பிப்பாள். அவன் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஒரு பெருமூச்சு விட்டு இட்லித் துணியைப் பிழிவாள். ரயில் தாமதமாகி அவன் நேரத்துக்கு வராத ஒரு நாள் மாவைக் கீழே கொட்டிவிட்டாள்.

ஆனால் தெரு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கொன்றவன் தினமும் இஸ்திரிச் சட்டையோடு எங்கள் ரோட்டில் நடக்கிறான், அவளோ அவனைப் பார்த்துக்கொண்டே வயிறு எரிகிறாள், நாங்கள் ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆடி பிறந்ததும் ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டம் கூடினார்கள். ஜாமீனை ரத்து செய்ய வேண்டும், அது முடியாவிட்டால் கையெழுத்துப் போடுகிற ஸ்டேஷனையாவது மாற்ற வேண்டும் என்று மறியல் செய்வதாக முடிவு. கோபம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. கோர்ட்டு வாசலில் போய் நிற்க அவர்களுக்கு வழி தெரியாது; தெரிந்த வாசல் எங்கள் ஸ்டேஷன் கேட் ஒன்றுதான்.

அக்காக்காரிக்குச் சேதி போனது. மாவுக் கையோடு வந்தாள்.

"யண்ணா, வேணாம்ணா. அவன் வரட்டும்ணா."

"நீ சொம்மா இரு தங்கச்சி," என்றார் ஆட்டோக்காரர். "ஒனக்கோசரம்தான் பண்றோம். பயப்படாத."

"பயம் இல்லண்ணா. அவன் தெனம் வர்ற வரைக்கும்தான் எனக்குத் தைரியம்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னாமே இது? மச்சான் தெனம் வந்து மூஞ்சியக் காட்டுனாத்தான் தூக்கம் வர்தாமே!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் திரும்பி, "யார்றா அது கலீஜாப் பேசறது?" என்று அதட்டினார். ஆனால் சிரித்தது சிரித்ததுதான். அவள் முகம் கறுத்தது. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் பிள்ளை, அந்த ஆள் தினம் வர வேண்டும் என்று எத்தனை தடவைதான் ஊர் நடுவில் நின்று சொல்ல முடியும்? அவளுக்குப் பதில் நான் சொல்ல முயன்றேன். "சார் திரும்பியும் புஸ்தகத்தத் தொறந்துட்டாரு," என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். மறியலிலும் நின்றேன். பின்னால் எல்லாரும் பார்த்த அந்த வீடியோவில், இடது ஓரத்தில், குடை மடக்கி நிற்கிறவன் நான்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே ரோடு நிறைந்துவிட்டது. டிரெய்லர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்று ஹாரன் அடித்தன. சில டிரைவர்கள் இறங்கி வந்து, விஷயம் கேட்டு, எங்களோடு சேர்ந்து கத்தினார்கள். அவர்களில் இரண்டு பேர் அவனோடு ஒரே கம்பெனியில் வண்டி ஓட்டினவர்கள். பெண்கள் துடைப்பத்தோடு முன்வரிசை. மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாள்மனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை; எங்கள் பக்கத்தில் வேலையிலிருந்து எழுந்து வருகிறவள் கையில் இருந்ததோடுதான் வருவாள்.

அவன் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினான். கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். முதல் செருப்பு அவன் தோளில் விழுந்தது.

"வாடா இங்க! வஞ்சிர மீனு மாரி ஆய்ஞ்சிட்றேன்!" என்று அந்தப் பெண் அரிவாள்மனையைத் தூக்கினாள். கூட்டம் விசில் அடித்தது.

போலீஸார் அவனை இழுத்து ஜீப்பில் ஏற்றி வேறு பக்கமாகக் கொண்டுபோனார்கள். அன்று அவன் கையெழுத்துப் போடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து மேலிடத்தில் பேசுவதாகச் சொன்னார். மறியல் கலைந்தது. குடங்களிடம் திரும்பிப் போனபோது லாரி போய்விட்டிருந்தது. அதைக்கூட அன்று யாரும் குறை சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லார் போனிலும் இருந்தது. யாரோ பறை அடிக்கிற சத்தத்தை அதில் சேர்த்திருந்தார்கள். அரிவாள்மனை உயர்கிற இடத்தில் படம் மெதுவாக நகர்ந்தது. "இது எங்க தெரு, கால வச்சுப் பாரு" என்று கீழே எழுத்து. ஆட்டோக்காரர் அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தார். கொடுங்கையூரிலும் வியாசர்பாடியிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். மீன்காரப் பெண்ணோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள்.

மறுநாளிலிருந்து அவன் போலீஸ் காவலோடு ஜீப்பில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அக்காக்காரி ஜீப்பைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவாள். ஸ்டேஷனில் எல்லாருக்கும் அது தொந்தரவாக இருந்தது. "தெனம் ஒருத்தனுக்கு ஜீப்பு ஓட்டறதுக்கா வேலைக்குச் சேந்தோம்?" என்று ஏட்டு முணுமுணுத்தார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை அவன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டோ ஸ்டாண்டில் சரவெடி வாங்கிவந்து அக்காக்காரியின் வண்டிக்குப் பக்கத்திலேயே கொளுத்தினார்கள்.

"ஓடிட்டான் தங்கச்சி! பயந்து ஓடிட்டான்! இனிமே இந்தாண்ட தலை வச்சுப் படுக்க மாட்டான்!" என்று ஆட்டோக்காரர் கேசரித் தட்டை நீட்டினார்.

அவள் தட்டை வாங்கவில்லை. ஸ்டேஷன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏட்டு ரோட்டைக் கடந்து வந்தார். வெடிப் புகை கலைகிற வரை நின்றுவிட்டுப் பேசினார்.

"ஏம்பா, இன்னாத்துக்கு வெடி? அவன் ஓடல. கோர்ட்ல கண்டிஷன ரிலாக்ஸ் பண்ணி வாங்கிட்டான்."

"அப்டின்னா?"

"அப்டின்னா இனிமே தெனம் வர வேண்டியதில்ல. மாசத்துல மொத திங்கக்கெயம ஒரு கையெழுத்து, அதுவும் அவங்க அண்ணன் வூட்டுப் பக்கத்து ஸ்டேஷன்ல. பொயப்புக்காக வண்டி ஓட்ட வெளியூர் போலாம்னும் சொல்லிட்டாங்க."

"எப்டி சார் குடுத்தாங்க? கொலை கேஸு சார் அது!"

"நீங்கதான்பா குடுத்தீங்க. ஒங்க வீடியோவ அவன் வக்கீலு கோர்ட்ல போட்டுக் காட்டினாராம். உத்தரவ மதிச்சி ஒயுங்கா கையெழுத்துப் போட வந்த ஆளு, அந்த எடத்துல உயிருக்கு ஆபத்து கீதுன்னு. அருவாமனையப் பாத்தப்புறம் ஜட்ஜ் இன்னா சொல்லுவாரு? எங்களக் கேட்டாங்க. பாதுகாப்பு குடுத்துகினே இருக்க முடியாதுன்னு நாங்களும் எய்திக் குடுத்துட்டோம்."

மீன்காரப் பெண் அன்று கூட்டத்தில் இருந்தாள். "நான் சொம்மாத்தான தூக்கனேன்," என்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "அப்ப இனிமே வரவே மாட்டானா?" என்று கேட்டார்.

"வராதன்னுதான கத்துனீங்க?"

அக்காக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், அவன் இப்ப எங்க கீறான்?"

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எனக்கு எப்டிம்மா தெரியும்? அண்ணன் வூட்டுல இருப்பான். இல்ல, வண்டில இருப்பான்."

அன்று அவள் பத்தரை மணிக்கே பானையை இறக்கிவிட்டாள். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். குழந்தை வகுப்பில் இருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தாளாம். மறுநாளும் போனாள். பிறகு காலையில் கொண்டுபோய் விட்டதிலிருந்து மாலை மணி அடிக்கும் வரை ராயபுரத்தில் பள்ளிக்கூடம் இருந்த சந்தின் முனையிலேயே உட்கார ஆரம்பித்தாள். இட்லிக்கடை வாரத்தில் இரண்டு நாள் வந்தது, பிறகு ஒரு நாள், பிறகு வரவில்லை. பள்ளிக்கூடத்தில், மற்ற பெற்றோர் பயப்படுகிறார்கள், இப்படி வாசலில் உட்காரக் கூடாது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் தப்பில்லை. யார் சொன்னதுமே தப்பில்லை. அந்த வருடம் முழுவதும் நான் கேட்ட ஒவ்வொரு பேச்சும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருந்தது.

குழந்தைக்கு விதிகள் கூடிக்கொண்டே போயின. தெருவில் விளையாடக் கூடாது. கடைக்குப் போகக் கூடாது. யார் போன் செய்தாலும் எடுக்கக் கூடாது. அப்பா என்று யார் சொன்னாலும் நிற்கக் கூடாது. என் வீட்டுக்கு வந்து படக்கதைப் புத்தகம் எடுத்துப் போகும் பிள்ளை அது, அதுவும் நின்றது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவின் சங்கிலியைக் கழற்றாமலே கையை நீட்டி வாங்கிக்கொள்ளும்.

புரட்டாசியில், காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை, குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டோடு வெளியே வந்தது. பிரிக்கவில்லை.

"வாட்ச்மேன் தாத்தா குடுத்தாரு. அப்பா குடுக்கச் சொன்னாராம்," என்றது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் தின்னல பெரிம்மா. கைலதான் வச்சுகினு இருந்தேன்," என்றது.

அக்காக்காரி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன். ஏட்டு பொறுமையாகக் கேட்டார். அவனே வந்து கொடுத்தானா? இல்லை. வாட்ச்மேன் பார்த்தது யாரை? யாரோ ஒரு டிரைவர், மெயின் ரோட்டில் டிரெய்லரை நிறுத்திவிட்டு வந்தவர். அவர் பெயர்? தெரியாது. பாக்கெட்டில் ஏதாவது எழுதியிருந்ததா? இல்லை.

"பிஸ்கட்டு குடுத்தான்னு கேஸ் எப்டிம்மா போடறது?" என்றார் ஏட்டு. கேலி இல்லை. அவர் நிஜமாகவே வழி தெரியாமல்தான் கேட்டார். "ஒண்ணு பண்ணு. ஜாக்கிரதையா இரு."

"அதத்தான சார் பண்ணிகினே கீறேன்," என்றாள்.

தேர்வு முடிந்த மறுநாள், சனிக்கிழமை, அவள் வீட்டைக் காலி செய்தாள். தள்ளுவண்டியை ஏற்கெனவே ஒரு ஜூஸ்காரருக்குக் கொடுத்திருந்தாள். எங்கே போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் நான் அவளுக்குச் செய்யக்கூடிய உதவி என்று தோன்றியது. குற்றப்பத்திரிகை ஒருவழியாகத் தாக்கலாகியிருந்தது. வழக்கு என்றைக்கு வேண்டுமானாலும் விசாரணைக்கு வரலாம். ஏட்டு வந்து வாசலில் நின்றார்.

"சம்மன் வந்தா எங்கம்மா கொண்டாந்து குடுக்கறது? சாட்சி எங்கன்னு கோர்ட்ல என்னத்தான் கேப்பாங்க."

"நானே வர்றேன் சார்."

"அட்ரஸ் குடு. புக்குல எய்திக்கிறேன்."

"ஒங்க புக்க யாரு வேணாப் படிக்கலாம் சார். கண்டிஷன் ரிலாக்ஸ் ஆனது எங்களுக்கு மட்டும்தான கடைசில தெரிஞ்சிது?"

ஏட்டு பேனாவைப் பையில் வைத்துக்கொண்டார். சாட்சி சம்மனுக்கு வரவில்லை என்றால் பிடிவாரண்டுகூடப் போடலாம் என்று அவளுக்குச் சொல்ல வந்தவர், குழந்தை கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனார். பிறகு என்னிடம் சொன்னார்.

ஆட்டோக்காரர் தானாகவே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பெட்டி, படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, குழந்தையின் ஸ்கூல் பை. ஆவணிக்குப் பிறகு அவரும் அவளும் பேசிக்கொண்டதில்லை. குழந்தையைத் தூக்கி உட்காரவைத்து இரண்டு பக்கமும் மழைத் திரையை இறக்கிவிட்டார். மழை இல்லை, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் பார்க்கவில்லை.

கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் வந்தான். எங்கள் ரோட்டுக்கு வரக் கூடாது என்று அவனுக்கு எந்த உத்தரவும் இல்லை. அதே இஸ்திரிச் சட்டை. நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்தான். நான் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் இருந்திருப்பார்கள். எல்லாரும் மறியலில் நின்றவர்கள்.

"வணக்கம் சார்," என்றான் என்னைப் பார்த்து. "பாப்பாவப் பாக்கணும். வூடு பூட்டிக் கீது. எங்க போயிட்டாங்கோ?"

"சாட்சியைப் பார்க்கக் கூடாது என்று உனக்கு நிபந்தனை இருக்கிறது," என்றேன்.

"சாட்சியப் பாக்க வர்ல சார். எம் பொண்ணப் பாக்க வந்தேன்."

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். அவன் சுற்றிலும் பார்த்தான். அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் வண்டியின் டயரை உதைத்துக் காற்றுப் பார்த்தார். செருப்பைக் கழற்ற ஒருவரும் இல்லை. இன்னொரு வீடியோ என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"யண்ணா," என்று ஆட்டோக்காரரிடம் போனான். "ஒங்க வண்டிலதான் போனாங்களாமே?"

"யார் சொன்னது?" ஆட்டோக்காரர் நிமிரவில்லை. துணியால் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதுபா."

"கோவப்படாத. நான் சவாரிக்குத்தான் வந்தேன்." அவன் குனிந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான், கால் மேல் கால் போட்டுக்கொண்டான். "அவங்கள வுட்ட எடத்துக்கே என்னியும் கொண்டுபோயி வுடு. பாத்துப் போட்டுக் குடுக்கறேன்."

ஆட்டோக்காரரின் கை நின்றது. அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர். சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். துணியை சீட்டில் போட்டுவிட்டு, ஸ்டாண்டை விட்டு இறங்கி, மார்க்கெட் பக்கம் நடந்து போனார். அன்று இருட்டும் வரை அவர் வண்டிப் பக்கம் வரவில்லை.

அவன் பின் சீட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை.